பழைய கூண்டு, புது எஞ்சின்

பழைய காரின் கூண்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இன்றைய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரேக்கையும் பொருத்தி, பார்வைக்குப் பழையதாகவும் ஓட்டத்தில் புதியதாகவும் ஒரு வண்டியைக் கட்டுவது அமெரிக்கப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மஸ்டாங், கமாரோ போன்ற மஸில் கார்கள் ஓடிய நாட்டில் அதற்கு அர்த்தம் உண்டு, தமிழ்நாட்டுக்கு அதில் என்ன வேலை என்ற கேள்வியும் எழுகிறது. வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. கூண்டு ஓரிடத்திலிருந்தும் எஞ்சின் வேறோரிடத்திலிருந்தும் வர, இரண்டையும் ஒரு பட்டறை சேர்த்துவைப்பது சென்னை மோட்டார் தொழிலில் தொடக்கம் முதலே உள்ள வழக்கம். அதற்கு வேண்டிய கைத்திறனும் உதிரிபாகமும் பெருமளவில் குவிந்தது நகரின் மேற்குப் புறத்தில். மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் வேலப்பன்சாவடியை மையமாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் அம்பத்தூரும் பாடியும், வடக்கே ஆவடி, மேற்கே அதே சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். இந்த வட்டாரத்தின் எழுபது ஆண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கூண்டு பழையதாக இருப்பது குறையில்லை, எஞ்சினும் பிரேக்கும் காலத்துக்குப் பின்தங்கிப்போவதுதான் குறை. இன்றைய சட்டமும் பழைய கார் ரசிகர்களின் தூய்மைவாதமும் இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் வாதம்.

முதலில் மஸில் காரையே எடுத்துக்கொள்வோம். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ அந்த வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும், பெரிய கார்களுக்கென இருந்த 389 கன அங்குல வி8 எஞ்சினை, அதாவது சுமார் 6.4 லிட்டர் எஞ்சினை, டெம்பஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் இறக்கினார்கள். தனி மாடல் என்று அறிவித்தால் விதி தடுக்கும் என்பதால், கூடுதல் விலைக்குக் கிடைக்கும் ஆப்ஷன் என்று விற்றார்கள். 325 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டி நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கோடுதான் வந்தது. ஆக, மஸில் கார் பிறந்ததே ஓர் எஞ்சின் மாற்றத்தில்தான். பின்னாளில் 1997-ன் கார்வெட் காருக்காக உருவான எல்எஸ்1 என்ற 5.7 லிட்டர் அலுமினிய வி8, 345 குதிரைத்திறனோடும் அடக்கமான அளவோடும் வந்தபோது, அறுபதுகளின் கார்களைப் புதுப்பிக்கும் அமெரிக்கப் பட்டறைகள் அந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான் விரும்பி எடுத்தன. அதோடு ஆறு வேக கியர்பாக்ஸ், நான்கு சக்கர டிஸ்க் பிரேக், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் எல்லாம் சேர்ந்தன. அசல் ஜிடிஓவைவிட இப்படிக் கட்டிய வண்டி வேகமாக ஓடும். அதைவிட முக்கியம், நம்பி நிறுத்தலாம்.

சென்னைக்கு வருவோம். 1840-ல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சிம்சன் நிறுவனம், மோட்டார் வந்ததும் அதே தச்சர்களையும் கொல்லர்களையும் வைத்துக் கார்களுக்குக் கூண்டு கட்டியது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். அந்தக் காலத்தில் சீமையிலிருந்து எஞ்சினும் சேஸும் கப்பலில் வரும், கூண்டு இங்கே ஏறும். ஒரு வண்டி முழுக்க ஒரே தொழிற்சாலையில் பிறக்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்களின் பின்புறம் கரி உலையைப் பொருத்தி, அதில் உண்டாகும் வாயுவைக் கொண்டு பெட்ரோல் எஞ்சினையே ஓட்டினார்கள். சக்தி பாதியாகக் குறைந்தாலும் பஸ் ஓடியது. போருக்குப் பின் 1950-களில் சிம்சன் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. பெட்ரோல் எஞ்சினோடு வந்த லாரிக்கு டீசல் எஞ்சின் என்பது அதன்பின் சாதாரண விஷயமாயிற்று. மவுண்டிங்கை வெட்டி ஒட்டுவது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அடாப்டர் பிளேட் கடைந்து போடுவது, புரொப்பல்லர் ஷாஃப்டை நீட்டியோ குறைத்தோ பேலன்ஸ் செய்வது என்று இன்று மஸில் கார் கட்டுபவர்கள் செய்யும் வேலைகளில் பாதியைச் சென்னை லேத் பட்டறைகள் அப்போதே கற்றுக்கொண்டன.

சுதந்திரத்துக்குப் பின் வந்த கொள்கை இந்தத் திறனை மேலும் கூர்மையாக்கியது. முழு உற்பத்தித் திட்டம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லை என்றானதும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் வெளியேறின. கல்கத்தாவை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்றே கார்த் தயாரிப்பாளர்கள் சந்தையை ஆண்டார்கள். புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்ட ஷெவர்லே, டாட்ஜ், பிளிமத் வண்டிகளுக்கு உதிரிபாகம் கிடைக்காது, அவை குடிக்கும் பெட்ரோலுக்குக் காசும் கட்டுப்படியாகாது. 1973-ன் எண்ணெய் நெருக்கடி அந்தக் கார்களின் விதியை முடித்துவைத்தது. ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்களை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினையோ அம்பாசிடர் எஞ்சினையோ ஏற்றினார்கள். எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் பிரித்து விற்கும் வண்டிகளின் எஞ்சின், கியர்பாக்ஸ், ஹவுசிங் எல்லாம் எடை போட்டும் பேரம் பேசியும் கிடைத்தன. டீசல் அம்பாசிடரைத் தொழிற்சாலையே விற்கத் தொடங்கியது 1980-ஐ ஒட்டித்தான். அதுவும் முப்பத்தேழு குதிரைத்திறன்தான். அதனால் வேறு வண்டிகளின் டீசல் எஞ்சின்களை அம்பாசிடரில் ஏற்றுவது டாக்சிக்காரர்களிடையே ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்தது.

இதே காலத்தில் மேற்குப் புறநகர் உதிரிபாகங்களின் ஊராக மாறியது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் அம்பத்தூருக்கு வந்தது. 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் எஃகுக் குழாய் தயாரிக்கத் தொடங்கியது. 1950-களின் இறுதியில் அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை எழுந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாக லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் வந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை திறந்தபின், இந்தப் பெரிய நிறுவனங்களுக்குச் சிறு பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. வண்டியின் சக்தியை உண்டாக்கும் பாகங்களைவிட, அதை அடக்கும், அதற்குத் துணைசெய்யும் பாகங்கள் இங்கே அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்: சக்கரம், டயர், ஹைட்ராலிக் பிரேக், காற்று பிரேக், குழாய், ஸ்டார்ட்டர், விளக்கு. ஒரு பழைய காரை வேகமான காராக மாற்றுவதில் எளிய பகுதி எஞ்சினை வாங்கி ஏற்றுவது. கடினமான பகுதி மற்றதெல்லாம். அந்த மற்றதெல்லாம் பற்றிய தொழிலறிவு அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியிருக்கிறது. ஒரு பிரேக் சிலிண்டர் எத்தனை மைக்ரான் துல்லியத்தில் கடையப்பட வேண்டும் என்று தெரிந்த டர்னர்கள் வாழும் ஊர் இது.

சென்னையின் சொந்தக் கார் நிறுவனமான ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நடந்த பாதை என் வாதத்துக்கு வலுவான சான்று. 1948-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டு வைத்துத் தொடங்கிய அந்த ஆலை வண்டலூரை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் இயங்கியது. வேன்கார்டில் தொடங்கி 1961-ல் ஹெரால்டுக்கு வந்தார்கள். ஹெரால்டு மற்றக் கார்களிலிருந்து வேறுபட்டது. கூண்டும் சேஸும் ஒரே உடலாக இல்லாமல், தனிச் சேஸின் மேல் கூண்டு போல்ட்டால் பூட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாகத் திறந்துகொள்ளும். எஞ்சினை மாற்ற நினைக்கும் மெக்கானிக்குக் கனவு வண்டி அது. இங்கிலாந்தில் ஹெரால்டைத் தயாரித்த டிரையம்ப் நிறுவனமே இதே சேஸில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து 1962-ல் வைட்டெஸ் என்ற காரை விற்றது. ஆனால் ஹெரால்டின் பின்சக்கர அச்சு ஊசலாடும் வகை. வேகமாக வளைவெடுக்கும்போது பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி திடீரென்று சுழன்றுவிடும். அதனால்தான் டிரையம்ப் பின்னாளில் சக்தி கூடிய மாடல்களின் பின்பக்க சஸ்பென்ஷனையே மாற்றியது. சக்தியைக் கூட்டுபவன் அதைத் தாங்கும் பாகங்களையும் சேர்த்து மாற்றியாக வேண்டும் என்பதற்கு ஹெரால்டு நல்ல பாடம்.

அதே நிறுவனத்தின் கடைசிக் கார் எதிர்த்திசைப் பாடம் சொல்கிறது. 1985-ல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் கூண்டைக் கொண்டது. ரோவரின் அந்த வடிவம் 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. இங்கிலாந்தில் அதற்குள் இருந்தது 3.5 லிட்டர் அலுமினிய வி8. அந்த எஞ்சினோ அமெரிக்காவின் பியூயிக் நிறுவனத்திலிருந்து ரோவர் வாங்கிய வடிவமைப்பு. ஓர் அமெரிக்க எஞ்சினையும் பிரிட்டிஷ் கூண்டையும் சேர்த்து வெற்றி கண்ட கார் அது. வண்டலூருக்கு வந்தபோது அதற்குள் வைத்தது வேன்கார்டு காலத்து நான்கு சிலிண்டர் எஞ்சினை. 1991 சிசி, 83 குதிரைத்திறன். 1953-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 1991 சிசி எஞ்சின் 90 குதிரைத்திறன் கொடுத்தது. இந்த எஞ்சினின் உறவுகள் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதிருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து, அதைவிடக் கனமான ஒரு சொகுசுக் காருக்குள், அதைவிடக் குறைந்த சக்தியோடு அந்த எஞ்சின் வந்தது. 1988-ல் கார் உற்பத்தி நின்றது. தொழிலாளர் பிரச்சினை, விலை, மாருதியின் வரவு என்று மற்றக் காரணங்களும் உண்டு, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் புதுக் கூண்டுக்குள் பழைய எஞ்சினை வைத்து அந்தக் காரைச் சந்தைக்கு அனுப்பியதே முதல் பிழை என்று நான் கருதுகிறேன். தோற்றம் ஒரு வாக்குறுதி தந்தது, பானெட்டின் உள்ளே இருந்தது அதைக் காப்பாற்றவில்லை.

பழைய கூண்டுக்குள் புது எஞ்சின் வைத்தவர்களோ தாக்குப்பிடித்தார்கள். பிரீமியர் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த 118 என்இ, ஃபியட் 124 என்ற 1960-களின் இத்தாலியக் கூண்டும், 1171 சிசி நிஸ்ஸான் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த கலப்பு. இந்தியாவின் மஸில் கார் என்று ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா, 1970-களின் பிரிட்டிஷ் வாக்ஸால் காரின் கூண்டைக் கொண்டது. நீண்ட பானெட், நான்கு முகவிளக்குகள், அகன்ற முகம் என்று அமெரிக்கத் தோரணை கொண்ட அந்தக் கார் 1984-ல் வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின்தான், சுமார் 50 குதிரைத்திறன். பார்வைக்குச் சிங்கம், ஓட்டத்தில் அம்பாசிடர் என்ற ஏமாற்றம் தீர்ந்தது 1980-களின் பிற்பகுதியில், ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சிசி எஞ்சினும் ஐந்து வேக கியர்பாக்ஸும் வந்தபிறகு. அந்தக் கான்டெஸாதான் மக்கள் நினைவில் நின்றது, 2002 வரை விற்றது. அதே எஞ்சின் 1990-களின் தொடக்கத்தில் 1957-ன் கூண்டைக் கொண்ட அம்பாசிடருக்குள்ளும் போனது. கனத்த, வட்ட முகமுள்ள அந்தக் கார் அதன்பின் புதுக் கார்களோடு நெடுஞ்சாலையில் ஈடுகொடுத்து ஓடியது. அம்பாசிடர் 2014 வரை உயிரோடு இருந்ததற்கு அரசு வாங்கியது ஒரு காரணம். எஞ்சின் மாறியது இன்னொரு காரணம். இன்று ஒரு பட்டறை கான்டெஸாவுக்குள் நவீன எஞ்சினை இறக்குவதை அசலைக் கெடுப்பது என்று சொல்பவர்கள், கான்டெஸாவின் அசலே மூன்று நாட்டுப் பாகங்களின் ஒட்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை வறுமையிலும் தட்டுப்பாட்டிலும் பிறந்தவை. டாக்சிக்கு டீசல் ஏற்றியவர் வேகத்தைத் தேடவில்லை, மைலேஜைத் தேடினார். அதை மஸில் கார் கட்டும் கலையோடு சேர்ப்பது சரியா என்று கேட்கலாம். சோழவரம் இதற்குப் பதில் சொல்கிறது. செங்குன்றத்துக்கு அப்பால் ஜி.என்.டி. சாலையில், போர்க்காலத்தில் கட்டிய விமான ஓடுதளத்தில், 1953-ல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. அங்கே ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசிடரும் தெருவில் ஓடுவதுபோல ஓடவில்லை. சிலிண்டர் ஹெட்டை மட்டம் சீவிக் கம்ப்ரஷனைக் கூட்டுவது, கேம்ஷாஃப்டின் மூக்கை வேறு அளவில் தேய்ப்பது, கார்புரேட்டரை இரட்டிப்பது, தேவையற்ற தகரத்தை வெட்டி எடையைக் குறைப்பது என்று மெக்கானிக்குகள் போட்டி போட்டார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வைத்து வேகத்தைக் கறந்தவர்கள் அவர்கள். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டி ஃபார்முலா மாருதி என்ற வகைக்கே வழிவகுத்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தது இந்தியப் பந்தய உலகுக்குப் பேரிழப்பு. 1990-ல் கிளப் தனக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடத்தை அமைத்தது. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் பந்தயக் களத்திலிருந்து வளர்ந்து, டாடாவோடு சேர்ந்து 2018-ல் சக்தி கூட்டிய டியாகோவையும் டிகோரையும் கடைக்குக் கொண்டுவந்தது. ஆகவே மைலேஜுக்காகக் கற்ற வேலையும் வேகத்துக்காகக் கற்ற வேலையும் ஒரே லேத்தில்தான் நடந்தன. ஒரே கைகள்தான் இரண்டையும் செய்தன.

ஆவடியைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தின் கதை முடியாது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. விக்கர்ஸ் வடிவமைப்பும் லேலண்ட் எல்60 எஞ்சினும் கொண்டது அது. அந்த எஞ்சின் பிரிட்டனிலேயே தொல்லை கொடுத்த ஒன்று. பின்னாளில் விஜயந்தாவின் சேஸின் மேல் 130 மில்லிமீட்டர் ரஷ்யப் பீரங்கியை ஏற்றி, கேட்டபுல்ட் என்று தானே நகரும் பீரங்கியாக மாற்றினார்கள். பிறகு அந்தச் சேஸ் வயதானபோது அதே பீரங்கியை அர்ஜுன் டாங்கியின் சேஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு பகுதி பழசானால் நல்ல பகுதியைக் காப்பாற்றி, மாற்றியதை அளந்து, ஓட்டிச் சோதித்து, எழுதிவைத்து, அதன்பின் களத்துக்கு அனுப்புவது ஆவடியின் முறை. பூந்தமல்லிச் சாலையின் பட்டறைக்கும் ஆவடிக்கும் உள்ள வேறுபாடு, அந்த அளப்பதிலும் எழுதிவைப்பதிலும் இருக்கிறது. திறமையில் இல்லை.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. இதுதான் கனமான மறுப்பு, இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு என்று அளவெடுத்த டிரம் பிரேக், நூற்றிருபதில் ஒருமுறை பிடித்ததும் சூடேறி, அடுத்த முறை பிடிக்காது. டீசல் எஞ்சினில் மேனிஃபோல்டு வேக்குவம் கிடையாது. பெட்ரோல் காருக்கு டீசல் ஏற்றுபவர் தனி வேக்குவம் பம்ப் வைக்காவிட்டால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு டாங்கில் அழுத்தப் பம்பும் திரும்பும் குழாயும் வேண்டும். பழைய பெட்ரோல் டாங்கில் ஓட்டை போட்டு ஒப்பேற்றினால் தீதான் மிச்சம். கனமான எஞ்சின் முன்பக்கம் வந்தால் டார்ஷன் பார் தாழும், ஸ்டீயரிங் கனக்கும். மாற்றிக் கட்டிய கார்கள் விபத்தில் சிக்குவதற்குப் பெரும்பாலும் இந்த அரைகுறை வேலைகளே காரணம். எஞ்சினுக்கு இரண்டு லட்சம் செலவழித்தவர் பிரேக்குக்கு இருபதாயிரம் கொடுக்கத் தயங்குவது நம் தொழிலின் வெட்கக்கேடு.

சட்டம் இதற்குத் தரும் பதில் கிட்டத்தட்ட முழுத்தடை. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டு, கணக்கிட்டு எஞ்சினை மாற்றியவரும், ஒட்டுப்போட்டு ஓட்டுபவரும் சட்டத்தின் முன் ஒரே குற்றவாளிகள். பிரிட்டன் பல ஆண்டுகள் பின்பற்றிய புள்ளிக் கணக்கை இதோடு ஒப்பிடலாம். பழைய பதிவெண்ணைக் காப்பாற்ற எட்டுப் புள்ளி வேண்டியிருந்தது: சேஸுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. பெரிதும் மாறிய வண்டி தனிப்பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு வண்டியின் அடையாளம் எஞ்சினில் இல்லை, அதைத் தாங்கும் சட்டகத்தில்தான் இருக்கிறது என்று அந்தக் கணக்கு சொன்னது. பந்தய மெக்கானிக்குகள் சோழவரத்திலேயே கண்ட உண்மை அது.

மூன்றாவது மறுப்பு பாரம்பரியத்தின் பெயரால் வருவது. ஒரு முறை மாற்றிய காரின் அசல் நிலை திரும்பாது, வரலாறு அழிகிறது என்கிறார்கள். போருக்கு முந்தைய கார்களுக்கும், உலகில் சிலவே எஞ்சியிருக்கும் கார்களுக்கும் இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அவற்றில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது. ஆனால் லட்சக்கணக்கில் ஓடிய அம்பாசிடருக்கும், கொல்லைப்புறங்களில் துருப்பிடித்துக் கிடக்கும் கான்டெஸாவுக்கும் அதே அளவுகோல் பொருந்தாது. 2021-ல் வந்த மத்திய விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் தருகின்றன. சேஸ், கூண்டு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்த இடம் கிடையாது. அப்படியானால் 1975-ல் டீசல் ஏற்றி முப்பது ஆண்டு டாக்சியாக ஓடிய ஒரு டாட்ஜ், நம் ஊரின் உண்மையான மோட்டார் வரலாற்றைத் தன் மவுண்டிங்கிலேயே சுமக்கும் வண்டி, வரலாற்றுப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து அசல் எஞ்சினை வரவழைத்து அதற்குள் வைத்தால் பட்டியலில் சேரலாம். எந்த வண்டி இந்த மண்ணின் வரலாற்றுக்கு நெருக்கமானது என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

வழி தெரியாத பிரச்சினையும் இல்லை இது. பெட்ரோல் காரை மின்சாரக் காராக மாற்றுவதற்குச் சட்டம் ஏற்கெனவே கதவைத் திறந்திருக்கிறது. 52-ஆம் பிரிவிலேயே மாற்று எரிபொருளுக்கும் பேட்டரிக்கும் விலக்கு உண்டு. ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரநிலையின்படி சோதித்து ஒப்புதல் பெற்ற கருவித்தொகுப்பைப் பொருத்தினால், ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். எஞ்சினையே தூக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைப்பதைச் சோதித்து அனுமதிக்க முடிகிற அரசுக்கு, பழைய பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் மாசு குறைந்த புதிய பெட்ரோல் எஞ்சின் வைப்பதையும் சோதித்து அனுமதிக்க முடியும். அதற்கான சோதனைத் தடமும் கருவிகளும் கொண்ட மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது, வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒற்றை வண்டிக்கான சோதனைக்கு, பிரேக் முதலில், பிறகு ஸ்டீயரிங், பிறகு புகை, கடைசியில் எஞ்சின் என்ற வரிசையில், கட்டணம் பெற்றுச் சோதிக்கும் ஒரு முறையைப் போக்குவரத்துத் துறை வகுக்க வேண்டும். அம்பத்தூர்ப் பட்டறைகள் அதற்குத் தகுந்தபடி தங்கள் வேலையை உயர்த்திக்கொள்ளும். ஏற்றுமதிக்குத் தரச்சான்று வாங்கிப் பழகியவர்கள்தாமே அவர்கள்.

அதுவரை பழைய காரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுமதியில்லாத மாற்றத்தோடு பொதுச்சாலையில் ஓட்டாதீர்கள். அதற்கு இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. எஞ்சினை இறக்குவதற்கு முன் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பணத்தை ஒதுக்குங்கள். இறக்கிய எஞ்சினைப் புதுப்பேட்டைக்கு எடை போட்டுவிடாமல் எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில், எந்த வண்டியின் எஞ்சின் ஏறியது, மவுண்டிங்கை யார் வெட்டினார், ஷாஃப்டை யார் கடைந்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வண்டியோடு வையுங்கள். பழைய மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் செய்த மாற்றங்களையும் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.